மாசி மகத்தன்று குறித்து, அமாவாசையன்று பார்ப்பது: ராமநாதபுரக் கரையிலிருந்து ஹிக்சன் 44

டெலஸ்கோப் வாங்கிய புதிதில் நிலாவின் குழிகள், வியாழனின் நான்கு துணைக்கோள்கள், சனியின் வளையம் என்றுதான் எல்லோரும் தொடங்குவோம். சரியான தொடக்கம்தான். ஒரு வருடம் போனபின், "இனி என்ன?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் கரையில் இருந்தபடியே எட்டுக் கோடி ஒளியாண்டு தொலைவில் கூடி நிற்கும் நான்கு விண்மீன் திரள்களைப் பார்க்கலாம். அவற்றில் இரண்டு பட்டைச் சுருள்கள், அதில் ஒன்று மிக மங்கல். அதை எட்டிப் பிடிப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

எதைத் தேடுகிறோம்

கனடாவில் பணியாற்றிய வானியலாளர் பால் ஹிக்சன், நெருக்கமாகக் கூடியிருக்கும் விண்மீன் திரள் குழுக்களை வானத்தின் பெரும்பகுதியை எடுத்த படங்களில் தேடி, நூறு குழுக்களின் பட்டியலை 1982ல் வெளியிட்டார். ஒரு குழுவில் ஒளியளவில் அதிகம் வேறுபடாத நான்கு திரள்களாவது இருக்க வேண்டும். அவை நெருங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் அதே அளவு ஒளியுள்ள வேறு திரள்கள் இருக்கக் கூடாது. இப்படித் தேர்ந்த பட்டியலில் 44ஆவது குழு சிம்ம ராசியில் இருக்கிறது.

குழுவின் நான்கு பேரையும் என்ஜிசி என்ற விண்பொருள் பட்டியலின் எண்ணால் அழைப்பார்கள். நடுவில் 3190. இது சுருள் திரள், ஆனால் தட்டைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல நமக்குத் தெரிகிறது. அதன் வடகிழக்கில் 3193, சுருள் கைகள் இல்லாத நீள்வட்டத் திரள். வடமேற்கில் 3187. தென்மேற்கில் சற்று விலகி 3185. கடைசி இரண்டும் பட்டைச் சுருள்கள். ஆனால் குழுவுக்குள் இருப்பது என்ன செய்யும் என்பதை முகத்திலேயே எழுதி வைத்திருப்பது 3187தான்.

பட்டைச் சுருள் என்றால் என்ன? சாதாரணச் சுருளில் கைகள் மையத்தின் உருண்டையிலிருந்தே கிளம்பும். பட்டைச் சுருளில் மையத்தின் குறுக்கே விண்மீன்களால் ஆன நீளமான ஒரு பட்டை கிடக்கும், கைகள் அதன் இரண்டு முனைகளிலிருந்து கிளம்பும். அந்தப் பட்டை சுழல்கிறது. சுழலும்போது வாயுவை உள்நோக்கித் தள்ளி மையத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. நாம் இருக்கும் பால்வீதியிலும் இப்படி ஒரு பட்டை உண்டு. அதனால் 3187 நமக்கு உறவுமுறைதான், தூரத்து உறவு.

நாள்: காலண்டரில் இரண்டு குறி

மாசி மகம் எப்போது வரும் என்று நம் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த இரவு முழுநிலா மகம் நட்சத்திரத்தின் அருகே நிற்கும். மகம் என்பது வானியலாளர்கள் ரெகுலஸ் என்று அழைக்கும் விண்மீன், சிம்மத்தின் தலைவாசல். ஆகவே மாசி மகத்தன்று தீர்த்தவாரி முடிந்து வீடு திரும்பும்போது நிலாவை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அதன் பக்கத்தில் பளிச்சென்று நிற்பதுதான் மகம். நாம் தேடும் குழுவும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அதைப் பார்க்க முடியாது, நிலா வெளிச்சம் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும். இடத்தை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். காலண்டரில் அடுத்து வரும் அமாவாசையைக் குறியுங்கள், பெரும்பாலும் அது மார்ச்சில் விழும். அதுவே உங்கள் இரவு.

இன்னொரு நல்ல குறி மகா சிவராத்திரி. அது தேய்பிறைச் சதுர்த்தசி, அமாவாசைக்கு முந்தைய இருட்டு. பிப்ரவரி நடுவில் சிம்மம் நள்ளிரவு தாண்டி பன்னிரண்டே முக்கால் வாக்கில் உச்சிக்கு வருகிறது. ஊரே கண்விழிக்கும் இரவில் நீங்களும் விழித்திருக்கலாம். ராமேஸ்வரத்தில் மட்டும் வேண்டாம், அன்று அங்கே வெளிச்சம் அதிகம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நம் கரைக்கு இதுவே காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்றின் வேகமும் தணிந்திருக்கும். ஏப்ரல் 15ல் தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் கடல் பக்கத்து விளக்குகளும் குறையும். ஏப்ரல் கடைசிவரை முயலலாம். அதற்கு அப்புறம் சிம்மம் மேற்கே சரியத் தொடங்கிவிடும்.

இடம்

தனுஷ்கோடியைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். மாலைக்குப் பிறகு அங்கே யாரையும் தங்க விடுவதில்லை. அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மன்னார் வளைகுடாப் பக்கம் வாலிநோக்கம், மாரியூர், மூக்கையூர் வரை நீளும் கரையில் இருட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் என்றால் தேவிபட்டினத்துக்கு வடக்கே, தொண்டிக்குப் போகும் வழியில். மீன்பிடித் துறைமுக விளக்குகள் நேராகக் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். நாம் பார்க்கப்போவது கிட்டத்தட்ட தலைக்கு மேலே. அதனால் அடிவானத்தில் கீழக்கரையின் வெளிச்சமோ ராமநாதபுரத்தின் வெளிச்சமோ கொஞ்சம் எழும்பியிருந்தாலும் பெரிய பாதகமில்லை.

தண்ணீர் ஓரத்தில் டெலஸ்கோப்பை நிறுத்தாதீர்கள். அலைத் திவலை கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடிக்குத் தெரியும். குறைந்தது இருநூறு அடி உள்ளே தள்ளி, மணல்மேடு ஒன்றுக்கு இந்தப் பக்கமாக நில்லுங்கள். பகலெல்லாம் கடலிலிருந்து வீசும் காற்று இரவு ஏற ஏற அடங்கி, அப்புறம் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். அந்தக் காற்றில் உப்பு குறைவு, ஈரமும் குறைவு. மீனவர்கள் கணக்குப் பார்க்கும் அதே காற்றுதான் நமக்கும் கணக்கு.

முதல் நாள் பகலிலேயே ஊருக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். இது எல்லைக் கடலுக்கு அருகில் உள்ள கரை. இருட்டில் குழாய் மாதிரி ஒன்றை நிறுத்திக்கொண்டு நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். மரைன் போலீஸ் நிலையத்தில் ஒரு வார்த்தை, ஊர்த் தலைவரிடம் ஒரு வார்த்தை, பையில் ஆதார் அட்டை. நான் ஒருமுறை இப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது வலை சீர்செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், "இருட்டுக்கு நாங்க கடலுக்குப் போறோம், நீங்க கரைக்கு வாறீகளா தம்பி?" என்றார். இரவு பத்து மணிக்கு அவரே வந்து ஐபீஸில் கண் வைத்தார். பச்சை லேசரை வானத்தில் அடிக்க வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம் இருக்கிறது, கடலில் படகுகளும் இருக்கின்றன.

செருப்பு போதாது, ஷூ போட்டு வாருங்கள். சீமைக் கருவேலம் மண்டிய இடங்களில் முள்ளும் உண்டு, விரியனும் உண்டு.

எந்தக் கருவி

பைனாகுலரில் இந்தக் குழு தெரியாது. ஆனால் வழி கண்டுபிடிக்க அதுவும் வேண்டும், கொண்டுவாருங்கள். ஆறு அங்குல டெலஸ்கோப்பில் 3190ம் 3193ம் தெரியும். எட்டு அங்குலத்தில், நல்ல இருட்டில், 3185ஐயும் பிடித்துவிடலாம். 3187 மங்கலானது, அதன் ஒளியளவு 13ஐத் தாண்டுகிறது (இந்த எண் கூடக் கூட மங்கல்). கண்ணால் பார்க்கப் பத்து அல்லது பன்னிரண்டு அங்குலம் வேண்டும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் யோசனை எட்டு அங்குல டாப்சோனியன். மோட்டார் கிடையாது, கையால் தள்ளித் திருப்புவது, கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை.

ஏசி அறையில் வைத்திருந்த டெலஸ்கோப்பை நேராகக் கடற்கரைக்கு எடுத்து வராதீர்கள். கண்ணாடி முழுக்க வியர்த்து, துளித்துளியாக நீர் கோத்துவிடும். லாட்ஜில் தங்குகிறவர்கள் மாலையிலேயே வெளியே எடுத்து நிழலில் வையுங்கள். எப்படியும் கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு இறங்க அரை மணிநேரத்துக்கு மேல் ஆகும். ஃபைண்டரின், அதாவது குறிபார்க்க டெலஸ்கோப்பின்மேல் பொருத்தியிருக்கும் சின்னக் குழாயின், முன்பக்கத்தில் கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கட்டினால் பனி ஈரம் படிவது தள்ளிப்போகும். கீழே ஒரு கோரைப்பாய் விரியுங்கள். மணலில் விழுந்த திருகை இருட்டில் யாராலும் எடுக்க முடியாது.

டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை நாலு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். கைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். கைபேசித் திரையை ஒரு நொடி பார்த்தால் அந்தப் பழக்கம் போய், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

அரிவாளின் மூன்றாவதும் நான்காவதும்

சிம்மத்தின் தலைப்பகுதி கதிர் அறுக்கும் அரிவாள் போல இருக்கும். ஆறு விண்மீன்கள். கைப்பிடி முனையில் மகம். அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். மகம் முதலாவது. இரண்டாவது சற்று மங்கல். மூன்றாவது நன்றாகப் பிரகாசிக்கும், அதன் பெயர் அல்ஜீபா. நான்காவது அதாஃபெரா. அதன்பிறகு அரிவாளின் நுனி வளைந்து இரண்டு விண்மீன்களோடு முடியும். கிழக்கில் எழும்பும்போது அரிவாள் படுத்த நிலையில், வாய் மேல்நோக்கி, மகம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி தெரியும்.

வானம் தேறுமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. மகத்துக்கும், அதற்கு மேற்கே இரட்டையாக நிற்கும் புனர்பூசத்துக்கும் நடுவில் பூசம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே வெறும் கண்ணுக்குப் புகைபோல ஒரு திட்டு தெரிந்தால் அது தேன்கூடு எனப்படும் விண்மீன் கொத்து. அது தெரிகிற வானத்தில் நம் குழுவும் டெலஸ்கோப்பில் தெரியும். தெரியவில்லை என்றால் அன்று ஈரமோ தூசியோ அதிகம். அன்று வானில் தெரியும் கோள் எதையாவது பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், அடுத்த இரவு வரும்.

சரி, இப்போது குறிபார்க்கலாம். அல்ஜீபாவுக்கும் அதாஃபெராவுக்கும் நேர் நடுவில், ஒரு துளி அதாஃபெரா பக்கமாக, நம் குழு இருக்கிறது. வானத்தில் இவ்வளவு எளிதான முகவரி கொண்ட விண்மீன் திரள் குழு வேறு அதிகம் கிடையாது. ஃபைண்டரில் இரண்டு விண்மீன்களும் ஒன்றாகவே தெரியும், நடுப்புள்ளியில் குறுக்குக் கோட்டை வைத்தால் போதும்.

வழியில் அல்ஜீபாவில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் பொன்னிறத்தில் இரண்டு விண்மீன்கள் ஒட்டி நிற்கும். இரண்டும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் கண்ணாடி குளிர்ந்துவிட்டது, குவியமும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

டாப்சோனியன்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஊர் அட்சரேகை ஒன்பது பாகை சொச்சம். அதனால் இந்தக் குழு உச்சத்துக்கு வரும்போது கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். அங்கே டாப்சோனியனைத் திருப்புவது பெரும் பாடு, சின்ன நகர்வுக்கும் அடிப்பாகத்தை முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும். உச்சத்துக்கு ஒன்றரை மணிநேரம் முன்போ பின்போ பாருங்கள். மார்ச் நடுவில் உச்சம் சுமார் பதினொரு மணிக்கு, ஆகவே ஒன்பதரை அல்லது பன்னிரண்டரை. ஏப்ரல் நடுவில் உச்சம் ஒன்பது மணிக்கே வந்துவிடும், பத்தரைக்குப் பாருங்கள்.

ஐபீஸில்

முதலில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போடுங்கள். எட்டு அங்குல, 1200 மில்லிமீட்டர் குவிய நீளமுள்ள டெலஸ்கோப்பில் இது 48 மடங்கு. குழு முழுவதும் முழுநிலாவின் அகலத்தில் பாதிதான், தாராளமாகக் காட்சிக்குள் அடங்கும். முதல் பார்வையில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். தோன்றட்டும். கண்ணை எடுக்காமல் இருங்கள், மூச்சு சீராக இருக்கட்டும்.

நம் விழித்திரையின் நடுவில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் குவிந்திருக்கின்றன. மங்கல் ஒளியை உணரும் கோல் செல்கள் அதைச் சுற்றியே அதிகம். அதனால் மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் வெளிப்படும். கடைக்கண்ணால் பார்ப்பது என்கிறோமே, அதுவேதான். பார்வையை ஓர் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டு கவனத்தை மட்டும் நடுவில் வையுங்கள். டெலஸ்கோப் குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள். அசைகிற மங்கல் திட்டு அசையாத திட்டைவிடச் சீக்கிரம் கண்ணில் படும்.

முதலில் இரண்டு திட்டுகள் எழும். உருண்டையாக இருப்பது 3193. நீளமாக, கதிர்போல இருப்பது 3190. இந்த இரண்டையும் 1784லேயே வில்லியம் ஹெர்ஷல் கண்டார். இவை பிடிபட்டதும் 10 மில்லிமீட்டர் ஐபீஸுக்கு மாறுங்கள், 120 மடங்கு. வானம் கறுத்து, திட்டுகள் தனித்து நிற்கும்.

திசை குழம்பும், ஏனெனில் இந்த வகை டெலஸ்கோப்பில் படம் தலைகீழ். அதற்கு வழி எளிது. டெலஸ்கோப்பைத் தொடாமல் விட்டுவிடுங்கள். விண்மீன்கள் எந்த ஓரம் வழியாக வெளியேறுகின்றனவோ அதுதான் மேற்கு. 3193 இருக்கும் பக்கம் வடகிழக்கு. அதற்கு நேர் எதிரே, 3190ஐத் தாண்டி இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் 3185 ஒரு மெல்லிய புகைபோல இருக்கும்.

3187

இனிமேல்தான் நாம் வந்த காரியம். 3190க்கு மேற்கே, சற்று வடக்காக, முழுநிலாவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு தூரத்தில். பெரிய டெலஸ்கோப் கையில் இருந்தால் கடைக்கண்ணில் ஒரு மெல்லிய கோடு வந்து வந்து போகும். அந்தக் கோடு பட்டை. கைகளைக் கண்ணால் பார்ப்பது கடினம்.

எட்டு அங்குலத்தில் அது தெரியவில்லை என்று மனம் தளர வேண்டாம், படம் எடுத்துப் பாருங்கள். இப்போது கிடைக்கும் சின்ன ஸ்மார்ட் டெலஸ்கோப்புகள் பத்து நொடிப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுக்கும். ஒரு மணிநேரம் அடுக்கினால் நான்கு திரள்களும் வந்துவிடும். 3187 ஆங்கில எஸ் எழுத்தை இழுத்து நீட்டியதுபோல உருவெடுக்கும். நடுவில் பட்டை, இரண்டு முனையிலும் கைகள். அந்தக் கைகள் ஒழுங்காகச் சுற்றிக்கொள்ளாமல், பட்டைக்குக் குறுக்கே முறுக்கி இழுக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் 3190ன் ஈர்ப்பு செய்த வேலை அது. 3190ன் கறுப்புத் தூசிப் பட்டையும் நேராக இல்லாமல் கோணிக் கிடக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன.

இழுபறி அந்த இரண்டோடு நிற்கவில்லை. நெதர்லாந்தில் உள்ள வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கியால் ஆராய்ந்தவர்கள், இந்தக் குழுவிலிருந்து வெளியே நீளும் ஹைட்ரஜன் வாயு வால் ஒன்றை 2013ல் அறிவித்தார்கள். அதன் நீளம் சுமார் பத்து லட்சம் ஒளியாண்டு. பால்வீதியின் குறுக்களவே ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டுதான். கூடி வாழும் திரள்கள் தங்கள் வாயுவை இப்படி இழக்கின்றன. கண்ணுக்கு வெறும் நாலு திட்டு, அவற்றைச் சுற்றி இவ்வளவு பெரிய அலைச்சல்.

தொலைவை மனதில் கொண்டுவர எனக்கு உதவியது மகம்தான். மகம் 79 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் அதன் ஒளி, நம் தாத்தா பாட்டி இளவட்டங்களாக இருந்தபோது புறப்பட்டது. அரிவாளுக்குள் தெரியும் இந்தக் குழு அதைவிடப் பத்து லட்சம் மடங்கு தொலைவு. அந்த ஒளி கிளம்பிய எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அரியலூர் கடலுக்கடியில் இருந்தது. இன்று அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டும்போது கிடைக்கும் சுருள் ஓடுகளுக்கு உரிய உயிர்கள் அந்தக் கடலில் நீந்திய காலம் அது.

பார்த்ததை ஒரு நோட்டில் வரையுங்கள். ஒரு வட்டம், அதற்குள் நாலு திட்டு, சுற்றியுள்ள விண்மீன்கள், தேதி, மணி. அழகாக இருக்க வேண்டியதில்லை. 2002 மார்ச்சில் இதே 3190ல் வெடித்த ஒரு விண்மீனை பிரேசிலில் ஒருவரும் ஜப்பானில் ஒருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். முதலாவது மங்கிக்கொண்டிருக்கும்போதே, மே மாதத்தில், அதே திரளில் இன்னொன்று வெடித்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே திரளில் ஒரே சமயத்தில் இரண்டு என்பது மிக அபூர்வம். போன வருடம் இல்லாத புள்ளி இந்த வருடம் இருக்கிறதா என்று சொல்ல உங்கள் பழைய நோட்டு வேண்டும்.

கிளம்பும்போது

டெலஸ்கோப்பின் மூடிகளைக் கரையில் இருக்கும்போதே மாட்டி மூடிவிடுங்கள். கண்ணாடியில் உப்புப் படலம் தெரிந்தால் அங்கே துடைக்காதீர்கள். என் முதல் ஆறு அங்குலக் கண்ணாடியை இப்படித்தான் வேட்டி நுனியால் துடைத்தேன். உப்புப் பொடி கண்ணாடியைக் கீறிய கோடுகள் இன்றும் அதில் இருக்கின்றன.

படலம் மெலிதாக இருந்தால் விட்டுவிடலாம், பார்வைக்குக் கெடுதல் இல்லை. கனமாகிவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி, நல்ல தண்ணீரை அதன்மேல் ஓடவிட்டுக் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், நம் மாவட்டத்தில் அதுவே உப்பு. கடைசியாக, பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றி, கண்ணாடியைச் சாய்த்து வைத்து, துணி படாமல் காயவிடுங்கள்.

டெலஸ்கோப்பின் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அன்று இரவே துடைத்துவிட வேண்டும். விடியும்வரை விட்டால் திருகுகளில் துரு ஏறிவிடும். மறுநாள் காலை நிழலில் மூடியைத் திறந்து ஒரு மணிநேரம் வையுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் போனபின் மறுபடி மூடுங்கள்.